கடைசி லோஞ்சுக்கு முன்: தீவக மாணவரும் குறும்படக் கல்வியும்

இலங்கையின் முதல் தமிழ்ப் படமான ‘சமுதாயம்’ 1962இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அந்தக் கமராவின் வேலையையும் அதனால் ஆகாத வேலைகளையும் இன்று நெடுந்தீவில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியின் கைபேசி செய்கிறது. படம் பிடிக்கிறது, ஒலி பதிகிறது, வெட்டித் தொகுக்கிறது, அன்றிரவே ரொறொன்ரோவில் இருக்கும் சித்திக்குக் காட்டியும் விடுகிறது. குறும்படம் எடுப்பது இப்போது எளிதாகிவிட்டது என்ற பேச்சு இதனால்தான் எழுகிறது. படம் பிடிப்பது எளிதாகியிருக்கிறது, உண்மை. ஆனால் ஒருவருக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்கிறது, அந்தத் தடையின் முன்னால் அவர் ஒரு முடிவெடுக்கிறார், எடுத்தபின் அவர் பழைய ஆளாக இல்லை என்பதைப் பத்து நிமிடத்துக்குள் பார்ப்பவர் நம்பும்படி காட்டுவது அன்றைப் போலவே இன்றும் கடினம். அந்தக் கடினமான பகுதியை யாழ்ப்பாணத் தீவகத்து மாணவர் எங்கிருந்து கற்கத் தொடங்குவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. பயிற்சிப் பட்டறைகள் பெரும்பாலும் கமராவிலும் கோணங்களிலும் தொடங்குகின்றன. அவற்றுக்கு முன் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு செயலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்துக்குள் என்னென்ன நடந்துவிடக்கூடும் என்ற கணக்கு அது. அதைக் கற்பிக்கத் தீவகத்துக் கடலைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது என்பது என் வாதம்.

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய், அங்கிருந்து தாம்போதியால் புங்குடுதீவைக் கடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறை வருகிறது. தரைவழி அங்கே முடிந்துவிடுகிறது. எதிரே தெரியும் நயினாதீவுக்குப் படகில் ஏறத்தாழக் கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், சோளகக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அதற்கும் மேல். இன்னொரு பக்கம் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ‘பாதை’ என்று சனம் சொல்லும் மிதவை ஓடுகிறது. கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். இந்த மூன்று நீர்வழிகளும் தீவகத்தாரின் நாளை வெட்டி வைத்திருக்கின்றன. வைத்தியரைப் பார்க்கப் போவதும், சோதனை எழுதப் போவதும், கலியாணப் பேச்சுக்குப் போவதும், பிரேதத்தை ஊருக்குக் கொண்டுவருவதும் படகு நேரத்தைப் பார்த்தே நடக்கின்றன. கடைசி லோஞ்ச் போய்விட்டால் அன்றைய நாள் முடிந்தது; தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இரவைக் கழிக்க வேண்டியதுதான். கதைப்படம் எழுதக் கற்பிப்போர் எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விதி, பாத்திரத்துக்கு ஒரு காலக்கெடு வேண்டும் என்பது. தீவகத்தில் அதை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இறங்குதுறையில் நிற்கும் எவருக்கும் அந்தக் கெடு தெரியும்.

இப்படிச் சொல்வதற்கு ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாறே ஆதாரம் தருகிறது. தொடக்க காலப் படங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் படங்களின் சாயலில் எடுக்கப்பட்டவை. பாட்டு, சண்டை, நகைச்சுவை என்ற அதே அடுக்கு. பேச்சிலும் அதே செயற்கை. யாழ்ப்பாணத்தவரான எம். வேதநாயகம் 1966இல் ஷேக்ஸ்பியரின் ஹம்லெற்றைத் தழுவி ‘கடமையின் எல்லை’ எடுத்தது துணிச்சலான முயற்சி. ஆனால் தாம் வாழும் மண்ணின் நேரமும் பேச்சும் திரையில் வரவேண்டும் என்ற தேடல் ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) ஆகியவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. இவற்றுள் இரண்டுக்குத் தீவகத்தோடு நேரடி உறவு உண்டு. ‘பொன்மணி’யின் எழுத்து ஊர்காவற்றுறைக்காரரான காவலூர் இராசதுரையுடையது. ‘வாடைக்காற்று’, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்தது. வாடை பிறந்ததும் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியடித்துத் தங்கும் மீனவரின் கதை அது. ஒரு பருவக்காற்று தொடங்கும்போது கதை தொடங்குகிறது, அது ஓயும்போது மனிதர் பிரிகிறார்கள். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படம் நாவலின் வலிமையை முழுதாகக் காப்பாற்றியதா என்பது வேறு விவாதம். காற்றே காலக்கெடுவாக நிற்கும் ஒரு கதைவடிவம் நம் எழுத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

‘பொன்மணி’ உருவான விதம் மாணவருக்கு இன்னும் நெருக்கமான பாடம். அதை இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். தமிழ் அவருடைய தாய்மொழி அல்ல. ஆகவே கதையையும் பேச்சையும் ஊரவரிடம் ஒப்படைத்தார். நடிக்க எழுத்தாளர் நந்தி, சித்திரலேகா மௌனகுரு போன்ற, சினிமா நட்சத்திரங்கள் அல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தின் முற்றத்துக்குள் என்ன செய்கின்றன என்பதை அவசரப்படாமல் பார்த்தார். படம் திரையரங்கில் நீடித்து ஓடவில்லை. எம்.ஜி.ஆர். படங்களுக்குப் பழகியிருந்த பார்வையாளருக்கு அந்த நிதானம் பிடிபடவில்லை. இன்று அக்காலத்து ஈழப்படங்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுக்கும் பெயர்களில் அது ஒன்று. பெரிய கருவியோ பெரிய பணமோ அதற்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. எழுத்தாளரும் நாடகக்காரரும் ஒரு கமராவின் முன் கூடி, தமக்குத் தெரிந்த வாழ்க்கையைத் தமக்குத் தெரிந்த வேகத்தில் நடத்திக்காட்டியது கொடுத்தது.

தீவகத்திலிருந்து உலகத்திரைக்குப் போன இன்னொருவர் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி. அவர் முக்கிய வேடமேற்ற ‘தீபன்’ 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அவர் திரைக்கு வந்தது எழுத்தின் வழி. ‘கொரில்லா’ நாவல் 2001இல் வந்துவிட்டது. காவலூர் இராசதுரையையும் இவரையும் சேர்த்துப் பார்த்தால், தீவகத்தில் சினிமாவுக்கான வாசல் இலக்கியமாகவே இருந்திருக்கிறது என்பது புலப்படும். தமிழ்நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, ‘கதை நேரம்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் 52 தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். ஒளியின் நுட்பத்தில் அவருக்கு நிகரானவர் அப்போது சிலரே. ஆயினும் உதவியாளராகச் சேர்ந்த வெற்றிமாறனுக்கு அவர் கொடுத்த வேலை கதைகளை வாசித்துச் சுருக்கம் எழுதுவது. ஒரு சிறுகதையைப் பத்து வரியில் சுருக்கும்போது, எது நிகழ்ச்சி, எது வருணனை, எது எழுத்தாளரின் நினைப்பு என்று பிரிக்க வேண்டி வருகிறது. கமராவால் பிடிக்கக்கூடியது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டையும் முகத்தாலோ பொருளாலோ ஒலியாலோ ஈடுசெய்ய வேண்டும் என்ற அறிவு அந்தச் சுருக்கத்திலேயே பிறந்துவிடுகிறது. புங்குடுதீவின் மு. தளையசிங்கம் எழுதிய சிறுகதைகளும், அதே ஊரின் சு. வில்வரத்தினம் வெறிச்சோடிய தீவைப் பாடிய கவிதைகளும் இருக்கும்போது, தீவகத்து மாணவர் கதைக்காகச் சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி நூலகம் நிறுவனம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது.

வாசிப்புக்கு அடுத்தது செயலைப் பார்ப்பது. இதற்கு அப்பாஸ் கியரொஸ்தாமி 1970இல் எடுத்த ‘ரொட்டியும் சந்தும்’ என்ற பத்து நிமிடப் படத்தைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை. அது எங்கே எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம்: ஈரானில் சிறுவர் நூலகங்களை நடத்துவதற்காக உருவான ஒரு நிறுவனத்தின் திரைப்படப் பிரிவில். கதை மிகச் சிறியது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பையன் ஒரு சந்துக்குள் நுழைகிறான். ஒரு நாய் குரைத்து வழிமறிக்கிறது. பயந்து பின்வாங்கி, யாராவது பெரியவர் வரட்டும் என்று காத்திருக்கிறான். ஒரு முதியவர் வருகிறார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு நடக்கிறான். அவரோ நாய் நிற்கும் இடத்துக்கு முன்பே வேறு வழியில் திரும்பிவிடுகிறார். வேறு வழியில்லாமல் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் அவனுக்குத் தோழனாகி வீட்டு வாசல்வரை வந்து படுத்துக்கொள்கிறது. கதவு மூடிக்கொள்கிறது, அடுத்து வரும் இன்னொரு பையனைப் பார்த்து அதே நாய் குரைக்கிறது. உரையாடல் இல்லை. பையனும் நாயும் சேர்ந்து நடப்பதை இடையில் வெட்டாமல் ஒரே ஷொட்டில் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக நின்றார். ஒளிப்பதிவாளர் அதற்கு உடன்படவில்லை. வெட்டினால் வேலை சுலபம். ஆனால் நாய் ஒரு துண்டிலும் பையன் இன்னொரு துண்டிலும் இருந்தால், பயம் தீர்ந்ததைப் பார்ப்பவர் கண்ணால் காண மாட்டார். தொகுப்பாளர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கும். நேரத்தை எங்கே முழுதாக விடுவது, எங்கே குறைப்பது என்ற கேள்வி அழகு பற்றியதல்ல, நம்பிக்கை பற்றியது என்பதை இந்தச் சிறு தகராறு காட்டுகிறது.

இந்தக் கேள்விக்கு விடைதேடத் தீவகத்தின் மூன்று நீர்வழிகளும் மூன்று பயிற்சிகளைத் தருகின்றன. ஊர்காவற்றுறைப் பாதையில் சில நிமிடங்களே ஆவதால், கடப்பது முழுவதையும் வெட்டாமலே காட்டலாம். மாணவர் அங்கே செய்ய வேண்டியது அந்த நேரத்துக்குள் ஒரு மாற்றத்தை நிகழவைப்பது. கோபித்துக்கொண்டு ஏறிய இருவர் அக்கரையில் இறங்கும்போது எப்படி இறங்குகிறார்கள்? சைக்கிளை யார் பிடித்திருந்தார், இறங்கும்போது யார் பிடித்திருக்கிறார்? பேச்சே வேண்டாம். நயினாதீவுக்கான கால் மணி நேரத்தை அப்படியே காட்டினால் படம் அதிலேயே முடிந்துவிடும். மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். எந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டால் பார்ப்பவருக்குக் கால் மணி நேரம் போனதாகத் தோன்றும் என்பதை அங்கே கற்கலாம். அம்மன் கோபுரம் முதலில் கரையில் ஒரு குச்சியளவாக இருக்கிறது, பிறகு கையளவாகிறது, பிறகு அண்ணாந்து பார்க்க வைக்கிறது. தூரம் குறைவதைச் சொல்ல அந்த மூன்று ஷொட்டுகள் போதும். நெடுந்தீவுக்கான ஒரு மணி நேரமோ முற்றிலும் வேறு சிக்கல். கரை மறைந்துவிடுகிறது; அளவிட எதுவும் கண்ணில் இல்லை. அப்போது நேரத்தை மனிதர்மேல்தான் காட்ட வேண்டும். முதலில் நிமிர்ந்திருந்த பெண் தூண்மீது சாய்ந்திருக்கிறாள், பிள்ளையின் தலை தாயின் மடியில் வந்துவிட்டது, கடதாசிப் பையில் இருந்த பலகாரம் பாதியாகிவிட்டது, ஒருவருக்குத் தலை சுற்றுகிறது. திரைப்படக் கல்லூரிகளில் மாதக்கணக்கில் கற்பிக்கும் தொகுப்புக்கலையின் அடிப்படை இந்த மூன்று பயணங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இனி ஒலி. தீவகத்தில் படமெடுப்போருக்குப் பெரிய எதிரி காற்று. பெரிய செல்வமும் அதுவே. கைபேசியின் ஒலிவாங்கியில் கடற்காற்று நேரே மோதினால் பேச்சு முழுவதும் கரகரத்து அழிந்துவிடும். பனங்காணி அருகே நின்றால் ஓலை உரசும் இரைச்சல் எல்லா ஷொட்டிலும் வரும், ஆனால் ஒரே அளவில் வராது. வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் ஒலி துள்ளும். பார்ப்பவர் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார், புரியாத பேச்சைப் பொறுக்க மாட்டார். ஆகவே இரண்டாவது கைபேசி ஒன்றை நடிப்பவரின் சட்டைக்குள் துணி சுற்றி வைத்து ஒலியைத் தனியே பதிவது, ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டிப் படத்தையும் ஒலியையும் பொருத்த வழிசெய்வது, படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச்சொல்லி அந்த இடத்தின் வெற்றொலியை ஒரு நிமிடம் பதிந்து எடுத்துவருவது ஆகியவை செலவில்லாத பழக்கங்கள். பல கைபேசிகள் படத்தைச் சீரான வேகத்தில் பதிவதில்லை. நீண்ட ஷொட்டின் முடிவில் வாயசைவும் பேச்சும் விலகிப்போகும். இதை அறிந்தவர் பேச்சுள்ள ஷொட்டுகளைச் சிறிதாக வைத்துக்கொள்வார். நுட்பம் தேவையிலிருந்து பிறக்கும்போது அது மறப்பதில்லை.

ஒலியோடு சேர்ந்தது நடிப்பு. மெலிஞ்சிமுனை போன்ற தீவகத்துக் கரையோர ஊர்களில் நாட்டுக்கூத்து மரபு வேரூன்றியது. பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். தமிழ்த்தினப் போட்டிகளில் நாடகம் போடாத பாடசாலை அரிது. இதனால் நடிக்கத் தயங்காத பிள்ளைகள் கிடைக்கிறார்கள். அது பெரும் பேறு. ஆனால் கூத்தில் குரல் திறந்தவெளியின் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். கையும் கண்ணும் அந்தத் தூரத்துக்கு ஏற்பப் பெரிதாக வேண்டும். கமராவோ முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. அரங்கில் வென்ற அதே பிள்ளை திரையில் கத்துவதாகத் தோன்றுவது இதனால்தான். இதைத் திருத்துவதற்கு ‘குறைத்து நடி’ என்று சொல்வதால் பயனில்லை. செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுப்பதுதான் வழி. மீனை வெட்டியபடி, வலையைத் தெறித்தபடி, சீருடைக்கு அயன் போட்டபடி பேசும்போது பேச்சு தானாகவே வீட்டுப் பேச்சாகிவிடும். ‘நேரமாகிவிட்டது, விரைவாகப் புறப்படு’ என்று எழுதிக்கொண்டு வந்த வசனம், பையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயின் வாயில் ‘லோஞ்ச் போகப்போகுது, கெதியா வெளிக்கிடு’ என்று மாறும். அந்த மாற்றத்தைத் தடுக்காமல் பதிந்துகொள்வது இயக்குநரின் வேலை.

தீவுகளைப் படமெடுப்போர் எல்லோருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. றொபேர்ட் ஃபிளாஹர்ற்றி 1934இல் அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் எடுத்த ‘மான் ஒஃப் ஆரன்’ அதற்குச் சரியான சான்று. அலைகள் பாறையில் மோதும் அந்தக் காட்சிகளைப்போல் பின்னர் வந்தவை குறைவு. ஆயினும் படத்தில் குடும்பமாக வருவோர் உறவினர் அல்லர். பார்க்க எடுப்பானவர்களை ஃபிளாஹர்ற்றி தெரிந்து சேர்த்தார். படத்தின் உச்சமான சுறாவேட்டையை அத்தீவினர் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. படத்துக்காக அதை அவர்களுக்குப் புதிதாகக் கற்பித்தார்கள். நெடுந்தீவுக்கும் இந்த ஆபத்து உண்டு. அங்கே போகும் கமரா எதுவும் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் முருகைக்கல் மதில்களையும் பழைய கோட்டையின் இடிபாட்டையும் விட்டுவருவதில்லை. இப்போது வானிலிருந்து பார்க்கும் ட்ரோனும் சேர்ந்திருக்கிறது. குதிரை ஓடுவது அழகுதான். அந்தக் குதிரை ஒருவருடைய தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால் அது கதை. முருகைக்கல் மதில் அழகுதான். இரு சகோதரருக்கிடையே அதில் எந்தக் கல் யாருடையது என்ற பேச்சு எழுந்தால் அது கதை. ஊரில் பிறந்த மாணவருக்கு வெளியாரைவிட ஒரு மேன்மை இருக்கிறதென்றால், காட்சிப்பொருளாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாருக்கு என்ன தொல்லை என்று அவருக்குத் தெரியும் என்பதே. அந்த மேன்மையை விட்டுவிட்டுச் சுற்றுலா விளம்பரம் எடுப்பது பெரிய இழப்பு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: தீவகத்து மாணவர் ஏன் தீவகத்தையே எடுக்க வேண்டும், பேய்க்கதையோ துப்பறியும் கதையோ எடுக்கக்கூடாதா என்பது. இது நியாயமான கேள்வி. நகரத்து மாணவருக்கு எல்லாக் கதைகளையும் திறந்துவிட்டு, தீவகத்து மாணவருக்கு மட்டும் மண்வாசனையை விதிப்பது அநீதி. நான் சொல்வது கதைப்பொருளைப் பற்றியதல்ல. போலந்தின் லொட்ஸ் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது றோமன் பொலான்ஸ்கி 1958இல் எடுத்த ‘இரண்டு மனிதரும் ஒரு அலுமாரியும்’ படத்தில், கடலுக்குள்ளிருந்து இருவர் ஒரு அலுமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். ஊருக்குள் எங்கும் அவர்களுக்கு இடமில்லை. கடைசியில் கடலுக்கே திரும்பிவிடுகிறார்கள். நடக்கவே முடியாத கதை. ஆனால் அலுமாரியின் பாரம் உண்மையானது. அதைத் தூக்கிக்கொண்டு ட்ராமில் ஏற முயல்வது உண்மையான செயல். பதினைந்து நிமிடமும் பேச்சில்லாமல் நாம் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். பேய்க்கதைக்கும் இதுவே பொருந்தும். கடைசி லோஞ்ச் போனபின் குறிகட்டுவானில் தனியே நிற்பவருக்கு வரும் பயத்தைச் சரியாகக் காட்டத் தெரிந்தவருக்கே பேயைக் காட்டவும் தெரியும்.

இரண்டாவது மறுப்பு தொழில் சார்ந்தது. ஒளியமைப்பு, வண்ணத்திருத்தம், கமராக் கையாளல் தெரிந்தால்தான் கலியாண வீடியோ நிலையத்திலோ தொலைக்காட்சியிலோ வேலை கிடைக்கும். வாசிப்பும் படகு நேரமும் சோறு போடுமா? இதில் உண்மை உண்டு. இரவுக்காட்சிக்கு ஒளி அமைப்பதைத் தானாகக் கற்பது கடினம். ஆசிரியரும் விளக்குகளும் வேண்டும். கலியாண வீடியோ எடுப்பவரின் கைவேகத்தையும் பொறுமையையும் நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பலருக்கு அதுவே பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. ஆனால் மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, கமரா அதைவிட விரைவாக மாறுகிறது. எந்த ஷொட் தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் அறிவு மாறுவதில்லை. அது இல்லாதவரின் கையில் விலையுயர்ந்த கமரா வெறும் துல்லியமான படங்களையே தரும். வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். எதையும் விடச் சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. தீவகம் வெறும் படகும் காற்றும் அல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாயின. இன்றும் கூரையில்லாத வீடுகளின் சுவர்களுக்குள் மரம் வளர்ந்து நிற்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவர் லோஞ்சைத் தவறவிடும் கதையை எடுப்பது கண்ணை மூடிக்கொள்வதாகாதா? அந்தக் கேள்வி எழுப்பும் வலியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். பெரிய துயரத்தை முதற்படமாக எடுக்கும் மாணவர் பெரும்பாலும் அழுகையையும் இசையையும் கொண்டு அதை நிரப்புகிறார். தப்பிப்பிழைத்தவர் இன்னும் ஊரில் இருக்க, அவர் கண்ட காட்சியைச் செயற்கை இரத்தத்தோடு நடித்துக்காட்டுவது அவருக்குச் செய்யும் இன்னொரு கொடுமை ஆகலாம். மாறாக, குமுதினி என்ற பெயர் நெடுந்தீவில் வெறும் படகின் பெயர் அல்ல என்பதை அறிந்த மாணவர், ஒரு முதியவள் லோஞ்சில் எந்த இடத்தில் உட்கார மறுக்கிறாள் என்பதை மட்டும் காட்டினாலும் அந்த வரலாறு உள்ளே வந்துவிடும். நேரத்தையும் செயலையும் கவனிக்கப் பழகியவருக்கே அந்தப் பாரத்தைத் தூக்கும் பலம் வரும். நினைவைச் சொல்ல வேண்டாம் என்பதல்ல. சொல்லத் தகுதி பெறுவதற்கான வழி இது என்பதே என் கருத்து.

பார்வையாளர் பற்றியும் ஒரு கவலை இருக்கிறது: ‘பொன்மணி’க்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேராதா? அன்று ஒரு படத்துக்குத் திரையரங்கு மட்டுமே கதி. தென்னிந்தியப் படத்தோடு அதே வாரத்தில் போட்டியிட வேண்டும். குறும்படத்துக்கு அந்தப் பந்தயம் இல்லை. 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது. குறும்படங்களுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் விழாவுக்கு முன்னால் ஊர் இருக்கிறது. எடுத்த படத்தை முதலில் அந்தந்தத் தீவின் பாடசாலை மண்டபத்தில், அதில் முகம் காட்டியவர்களின் முன்னிலையில் போட்டால், விமர்சகர் சொல்லாததை ஊரவர் சொல்வார்கள். ‘சோளகத்தில கடல் இப்பிடி நிக்காது’ என்று ஒரு மீனவர் சொன்னால், இரு வேறு பருவங்களில் எடுத்த ஷொட்டுகளை ஒட்டியது பிடிபட்டுவிட்டது என்று பொருள். அதைவிடக் கடுமையான தேர்வாளரை எந்தக் கல்லூரியும் நியமிக்க முடியாது.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும்’ ஏற்கனவே பாடசாலைப் பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி நடக்கிறது. கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாகவே கொடுத்துவருகின்றன. அவர்களிடம் வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. பாடசாலைக்குக் கமரா வாங்கி அனுப்ப நினைத்தால், அந்தப் பணத்தில் காற்றுத்தடுப்போடு இரண்டு ஒலிவாங்கிகளும் ஒரு படவீழ்த்தியும் வாங்குங்கள். மிகுதியை நூல்களுக்குக் கொடுங்கள். ஆசிரியர்களிடம் வைப்பதும் அவ்வளவு சிறியதே. அடுத்த தவணையில் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதையைக் கொடுத்துப் பத்து வரியில் சுருக்கச் சொல்லுங்கள். பிறகு பாதையிலோ லோஞ்சிலோ ஏற்றிவிட்டு, யார் யார் என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். கைபேசியை அதற்கு அடுத்த கிழமை எடுக்கட்டும்.